பீப்பிள்ஸ் பார்க் கரைந்தது, கோல்ஃப் மைதானம் நின்றது: சென்னையில் இது எப்படி நடந்தது?

பார்க்டவுன்_பழசு:
கிண்டி ரேஸ் கோர்ஸ் பற்றிய இழையில், "160 ஏக்கரைப் பணக்காரர்கள் வளைத்துப் போட்டிருந்தார்கள், இப்போது மக்களுக்குப் பூங்கா வருகிறது, நல்ல காரியம்" என்று பலர் எழுதியிருந்தீர்கள். பூங்கா வருவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் தனி இழை.

இதே ஊரில் மக்களுக்கென்றே 116 ஏக்கரில் ஒரு பூங்கா இருந்தது. பெயரே பீப்பிள்ஸ் பார்க். 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவிலியன் ஆரம்பித்து வைத்தது. வெள்ளைக்காரர்களுக்குத் தீவுத்திடல் இருந்தது, கடற்காற்று இருந்தது. கறுப்பர் பட்டணத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில், நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு நிழலில் உட்கார ஒரு இடம் கிடையாது. மனிதர் இங்கே ஒரு வருடத்துக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தார். வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்தார் என்று லண்டனுக்குத் திருப்பி அழைத்துவிட்டார்கள். பூங்கா முழு உருவம் பெற்றது அவர் போன பிறகுதான். குளங்கள் மட்டும் 11. வண்டி ஓட்டிப் போகச் சாலைகள், பேண்டு வாசிக்க மேடை, மிருகக்காட்சிசாலை எல்லாம் இருந்தன.

இப்போது சென்ட்ரலில் இறங்கி அந்த 116 ஏக்கரைத் தேடுங்கள். 1880களில் ஒரு துண்டு டவுன் ஹாலுக்குப் போனது. அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். 1900-ல் மூர் மார்க்கெட். 1913-ல் ரிப்பன் மாளிகை. அப்புறம் கார்ப்பரேஷன் ஸ்டேடியம், அதுவே பின்னால் நேரு ஸ்டேடியம். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்ததும் அந்த இடத்தில் ரயில்வேயின் புறநகர் நிலையம். கடைசியாக மெட்ரோ. மிச்சம் இருப்பது ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மைலேடிஸ் கார்டன் என்று ஒரு சின்னத் துண்டு.

ஒவ்வொரு தடவையும் எடுத்தவர்கள் சொன்ன காரணம் நியாயமானதுதான். சந்தை வேண்டாமா, நகரசபைக்குக் கட்டடம் வேண்டாமா, விளையாட்டரங்கம் வேண்டாமா? எல்லாமே பொதுக் காரியம். பொதுக் காரியத்துக்காகவே ஒரு பொதுப் பூங்கா காலியானது. அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் கிண்டியில், பந்தய வட்டத்துக்குள் 18 குழி கோல்ஃப் மைதானம் புல் வாடாமல் நின்றது. கதவு திறந்திருந்த இடம் போய்விட்டது, பூட்டியிருந்த இடம் தங்கிவிட்டது. இது ஏன்?

நில_அளவை:
நல்ல கேள்வி. ஆனால் கதவு பூட்டியிருந்ததால் தங்கியது என்று சொல்லிவிட்டால் கிளப்புகளுக்கு நன்றி மடல் எழுதியதாக ஆகிவிடும். தங்கியதற்குக் காரணம் பத்திரம்.

ரேஸ் கிளப்புக்கு அரசு கொடுத்த குத்தகை 1946 ஏப்ரல் முதல் 99 வருடம். ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. 99 வருடப் பத்திரம் கையில் இருக்கும்போது எந்த அதிகாரியும் "இந்த மூலையில் ஒரு அலுவலகம் கட்டிக்கொள்கிறேன்" என்று உள்ளே வர முடியாது. பீப்பிள்ஸ் பார்க்குக்கு அப்படி எந்தப் பத்திரமும் இல்லை. பராமரித்ததும் நகரசபை, துண்டு போட்டுக் கொடுத்ததும் நகரசபை. எதிர்த்து வழக்குப் போடக் குத்தகைதாரர் என்று ஒருவர் இல்லை.

அந்த 614 ரூபாய்தான் கடைசியில் கிளப்புக்கும் வினையானது. 1970 முதல் வாடகையைத் திருத்தி, 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று அரசு கணக்குக் காட்டியது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்குச் சீல் வைத்தது. அடுத்த மாதமே அதில் 118 ஏக்கரைப் பசுமைப் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கினார்கள். விவகாரம் திரும்பவும் நீதிமன்றப் படியேறியது, அது வேறு கதை.

ஊட்டியிலும் இதே வரிசைதான். அங்கே ரேஸ் கோர்ஸ் குத்தகை 1978-லேயே முடிந்துவிட்டது. நிலத்தை அரசு மீட்டது 2024-ல். நடுவில் 46 வருடம் யார் தூங்கினார்கள் என்று கேட்க ஆசை.

ஃபேர்வே_72:
கோல்ஃப் ஆடுபவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் எழுதுகிறேன். கல் எறிபவர்கள் வரிசையில் வாருங்கள்.

பலருக்கு ரேஸ் கிளப்பும் கோல்ஃப் கிளப்பும் ஒன்று என்ற நினைப்பு. இரண்டும் வேறு. குதிரைப் பந்தயம் கிண்டியில் 1777-லேயே தொடங்கிவிட்டது. பந்தய வட்டத்துக்கு உள்ளே இருக்கும் கோல்ஃப் மைதானம் ஜிம்கானா கிளப்புடையது. அந்தக் கிளப் 1884-ல் தீவுத்திடலில் ஆரம்பித்தது. ரேஸ் கோர்ஸுக்குச் சீல் வைத்ததும் ஜிம்கானாவும் நீதிமன்றம் போனது இதனால்தான். நகரத்துக்குள் இன்னொன்று நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி இருக்கும் காஸ்மோ மைதானம். காஸ்மோபாலிட்டன் கிளப் 1873-ல் தொடங்கியது. மெட்ராஸ் கிளப் இந்தியர்களை வாசலோடு நிறுத்திய காலத்தில், இந்தியர்கள் உறுப்பினராக முடிந்த கிளப் அது.

இந்த ஆட்டம் இங்கே வந்து வேரூன்றியதற்கு ராணுவமும் கம்பெனி அதிகாரிகளும்தான் காரணம். கல்கத்தாவில் 1829-லேயே கிளப் வந்துவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. பெங்களூரில் 1876. நம்மூர் வெயிலுக்குப் பச்சைப் புல் தாங்காது என்று, குழியைச் சுற்றி "கிரீன்" எனப்படும் பகுதியில் புல்லுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி உருட்டி ஆடியதெல்லாம் உண்டு. அதற்கு "பிரவுன்" என்று பெயர். தண்ணீர் வசதியும் பம்ப் செட்டும் வந்த பிறகுதான் இந்தியாவின் வறண்ட ஊர்களில் கிரீன் என்பது உண்மையிலேயே பச்சையானது.

பந்தயத் தடத்தைக் குறுக்கே கடந்துதான் உள்ளே போகவேண்டும். காலை ஆறு மணிக்குப் புல் ஈரமாக இருக்கும்போது நடந்தால் ஆள்காட்டிக் குருவி ஒன்று காது கிழியக் கத்தும். அது தரையிலேயே முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது, நாலு சின்னக் கற்களுக்கு நடுவில் மண் நிற முட்டை. பந்து அதன் பக்கத்தில் விழுந்தால் எங்கள் பையைத் தூக்கி வரும் கேடிப் பையன்கள் தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். 18 குழி ஆடி முடிக்க நாம் ஏழெட்டு கிலோமீட்டர் நடந்தோம். நடுச் சென்னையில் இப்படி ஒரு வெளி இருந்ததே, அதை நாங்கள் கெடுத்துவிடவில்லையே என்பதுதான் என் வாதம்.

சைதை_அக்கா:
ஃபேர்வே தம்பி, கல் எறிய மாட்டேன். ஆனால் அந்த வெளியை "நாம் நடந்தோம்" என்று நீங்கள் சொல்லும்போது அந்த "நாம்" யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கப் போனான். எந்த மைதானம் என்று சொல்லப் போவதில்லை. இருட்டோடு எழுந்து போய் வாசலில் வரிசையில் நிற்கவேண்டும். பெயர் எழுதிக்கொள்வார்கள். ஆட வருகிறவர் கூப்பிட்டால் அன்றைக்குக் கூலி, இல்லையென்றால் வெயில் ஏறியதும் திரும்பி வரவேண்டியதுதான். மழைக்காலத்தில் பல நாள் வெறுங்கைதான். அதே சமயம் எந்தக் கிரீன் எந்தப் பக்கம் சாயும், எந்தப் புல்லில் பந்து நிற்கும், எவ்வளவு தூரத்துக்கு எந்த மட்டை என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. திங்கட்கிழமை ஆட்டம் இல்லாத நேரத்தில் கேடிகளை ஆடவிடுவார்கள். உடைந்த மட்டைக்குப் புதுப் பிடி போட்டு அவனும் ஆடினான். பெரிய துரைகளைவிட நன்றாகவே ஆடினான் என்று அவனோடு இருந்தவர்கள் இன்னும் சொல்வார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து அந்தச் சுவர் நடந்து போகும் தூரம். அம்மா ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அண்ணன் ஒரு நாளும் தன் பிள்ளையை உள்ளே கூட்டிப் போனதில்லை. உங்கள் கிளப் புல்லைக் காப்பாற்றியது, ஒத்துக்கொள்கிறேன். யாருக்காக என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பார்க்டவுன்_பழசு:
அக்கா எழுதியதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கேட்டது நியாயம்.

நில_அளவைக்கு மட்டும் ஒரு வார்த்தை. பத்திரம்தான் காரணம் என்றால் கிண்டி கவர்னர் எஸ்டேட்டை எங்கே வைப்பீர்கள்? அங்கே யாரும் குத்தகைதாரர் இல்லை. 1821-ல் அரசு வாங்கிய தோட்டம், ஏறக்குறைய 505 ஹெக்டேர். கவர்னர் வீடு என்று வேலி போட்டு வைத்ததால்தான் வெளிமானும் புள்ளிமானும் ஒரு மாநகரத்துக்கு நடுவில் இன்று வரை மேய்கின்றன.

கோட்டூர்_குயில்:
வேலி போட்ட எஸ்டேட் முழுசாக நின்றதா என்ன? 505 ஹெக்டேரில் இன்று தேசியப் பூங்காவாக இருப்பது 270 ஹெக்டேர் சொச்சம்தான். சுதந்திரத்துக்குப் பிறகு ஐஐடிக்கு மட்டும் 600 ஏக்கருக்கு மேல் போனது. காந்தி மண்டபம், ராஜாஜி நினைவகம், காமராஜர் நினைவகம், மருத்துவமனை என்று சாலையோரம் பூரா ஒவ்வொன்றாக அதே காட்டை நறுக்கித்தான் வந்தன. 1978-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகுதான் நறுக்குவது நின்றது. அதாவது காப்பாற்றியது வேலியும் இல்லை, கவர்னரும் இல்லை. வன உயிரினச் சட்டம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐஐடிக்காரர்கள் தாங்கள் வாங்கிய காட்டில் பாதியை மரமாகவே விட்டு வைத்தார்கள். மான்களுக்கு வரைபடம் தெரியாதே, இரண்டு பக்கமும் மேய்கின்றன.

மழைக்_கணக்கு:
நீங்கள் எல்லாரும் மரத்தையும் புல்லையும் பேசுகிறீர்கள். தண்ணீரைப் பேசாமல் சென்னையில் பூங்கா வரலாறு எழுத முடியாது.

தி.நகரை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி ஒன்று, வெள்ளைக்காரர்கள் லாங் டாங்க் என்றார்கள். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஏரியை வற்றவைத்து மனை போட்டார்கள். அந்த மனைப் பிரிவின் நடுவில் ஊர்க்காரர்களுக்கு ஆறுதலாக ஒரு பூங்கா, முதலமைச்சராக இருந்த பனகல் ராஜா பெயரில். ஏரி போய்ப் பூங்கா வந்தது. பிறகு அந்தப் பூங்காவிலும் ஒரு பகுதியை மெட்ரோ நிலையத்துக்குத் தோண்டிவிட்டார்கள். லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவும் ஒரு காலத்தில் குட்டைதான். அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவ் பந்துலு பெயரில் இருக்கிறது, காலையில் போனால் மயிலாப்பூர் மொத்தமும் அங்கேதான் வட்டம் சுற்றும்.

பீப்பிள்ஸ் பார்க்கில் 11 குளம் என்று மேலே எழுதியிருந்தார்களே, அதைப் படித்ததும் எனக்குப் பூவும் புல்லும் தோன்றவில்லை. ஒவ்வொரு மழைக்கும் ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்துச் சாலைகளில் முழங்கால் ஆழம் தண்ணீர் நிற்கும் காட்சிதான் தோன்றியது. அது வேறு எங்கே போகும்? அதன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது.

கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை எடுத்ததும் அரசு செய்த முதல் காரியங்களில் ஒன்று அங்கே குளங்கள் வெட்டியது. வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் குறைய வேண்டும் என்பது கணக்கு. அந்தப் பகுதியில் இவ்வளவு பெரிய வெற்று நிலம் வேறு எங்கும் இல்லை. ஆக, கோல்ஃப் ஆட வைத்திருந்த வெற்றிடம் வேளச்சேரிக்காரர்களுக்கு இப்படிப் பயன்படுகிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

ராயபுரத்தான்:
வழக்கம்போல வடசென்னையை மறந்துவிட்டுப் பேச்சு தெற்கே நகர்ந்துவிட்டது. கோல்ஃப் மைதானம் இரண்டும் தெற்கே, தேசியப் பூங்கா தெற்கே, கட்டணப் பூங்காக்களும் அந்தப் பக்கம்தான். எங்களுக்கு வாய்த்தது ராபின்சன் பார்க். இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுக தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். 18 குழியெல்லாம் வேண்டாம், ஒரு மேடை போடும் அளவு இடம் இருந்தது, தமிழ்நாட்டு அரசியலே திரும்பிவிட்டது.

சிந்தாதிரிப்பேட்டையில் நேப்பியர் பார்க் மே தினப் பூங்கா ஆனதும் அப்படித்தான். தொழிற்சங்கக் கூட்டம், ஊர்வலம் கூடும் இடம், செங்கொடி. மெட்ரோவுக்கு அதிலும் ஒரு பங்கு போனது என்பது வேறு. பூங்கா என்றால் நடைப்பயிற்சி மட்டும்தான் என்று ஆக்கிவிட்டார்கள் இப்போது. பல வருடம் காலையிலும் மாலையிலும் சில மணி நேரம்தான் திறப்பு, நடுவில் பூட்டு. மத்தியான வெயிலில் நிழல் தேடுகிறவன் மூட்டை தூக்குகிறவனும் வண்டி இழுக்கிறவனும்தான். அவனுக்கு அந்த நேரத்தில் பூங்கா மூடியிருந்தது.

பார்க்டவுன்_பழசு சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பீப்பிள்ஸ் பார்க்கில் வருடக் கடைசியில் பெரிய திருவிழா நடக்கும், பார்க் ஃபேர் என்பார்கள். 1886 டிசம்பர் 31 அன்று கொட்டகைகளில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் ஜனம் அங்கே போவதை விடவில்லை. மிருகக்காட்சிசாலைக்கு எங்கள் பாட்டி தலைமுறை வைத்த பெயர் "உயிர் காலேஜ்". எழும்பூர் மியூசியம் "செத்த காலேஜ்". எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் மியூசியத்திலேயே ஆரம்பித்த மிருகங்கள்தான் பின்னால் பார்க்குக்கு வந்தன. 1985-ல் எல்லாம் வண்டலூர் போய்விட்டன. ஒரே வருடத்தில் மூர் மார்க்கெட்டும் போனது, உயிர் காலேஜும் போனது. அதோடு எங்கள் ஜனத்துக்கு சென்ட்ரல் பக்கம் ரயிலேறுவதைத் தவிர வேலை இல்லாமல் போய்விட்டது.

ஃபேர்வே_72:
ஸ்டேடியத்தை மட்டும் ஆக்கிரமிப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள் ஐயா! 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் தொடக்க ஜோடியாக 413 ரன் சேர்த்தது அந்தக் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான். தொடக்க ஜோடிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் அதுதான் உலக சாதனை.

ராயபுரத்தான்:
413 ரன்னுக்கு எத்தனை குளம் என்று ஒரு கணக்குப் போடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

கதீட்ரல்_ரோடு:
புதுப் பூங்காக்கள் பற்றி யாரும் எழுதவில்லையே. அதிலும் இதே கதைதான், தலைகீழாக.

கதீட்ரல் சாலையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835 முதல் இருக்கிறது. அதன் கைவசம் இருந்த அரசு நிலத்தில்தான் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ் இன் நடந்தது. காருக்குள் உட்கார்ந்தபடி தோசை சாப்பிட்ட தலைமுறை இந்த இழையிலும் இருப்பீர்கள். நிலத்தை அரசு எடுத்து 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த நிலம் நீண்ட வழக்குக்குப் பிறகு கைக்கு வந்து, 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா ஆனது. 6 ஏக்கர் சொச்சம், 46 கோடி ரூபாய். கயிற்றில் தொங்கிப் பறக்கும் ஜிப்லைன், பறவைக் கூடம், கண்ணாடி மாளிகை. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய்.

நாலு பேர் குடும்பம் உள்ளே போய் வர எவ்வளவு ஆகும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். கிளப் சுவரை இடித்துவிட்டு டிக்கெட் கவுன்டர் கட்டியிருக்கிறோம். பராமரிப்புக்குக் காசு வேண்டும் என்பார்கள். அடையாற்றில் தொல்காப்பியப் பூங்கா 58 ஏக்கர். அழிந்துபோன கழிமுகத்தை உயிர்ப்பித்த அருமையான வேலை, 2011-ல் திறந்தது. ஆனால் பல வருடம் அதற்குள் நினைத்தபோது நுழைய முடியாது, முன்பதிவு செய்துகொண்டுதான் போகவேண்டும். அங்கே பறவைகளுக்கு அமைதி தேவை, அதனால் புரிந்துகொள்ளலாம். ஜிப்லைனுக்கு அந்தச் சாக்கு சொல்ல முடியாது.

நில_அளவை:
சட்டம் தெரிந்தால் கோபம் கொஞ்சம் உபயோகமாகும் என்பதால் எழுதுகிறேன்.

1959-ல் தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களைப் பட்டியலிட்டு அரசுக்கு அனுப்பவேண்டும், அரசு ஒப்புக்கொண்டு வெளியிட்ட பிறகு அரசின் முன் அனுமதி இல்லாமல் அதை வேறு காரியத்துக்கு மாற்றக்கூடாது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? பட்டியலில் ஏறாத பூங்காவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்பதுதான் சூட்சுமம். அது பொதுச் சொத்து, அவ்வளவுதான். அடுத்த அலுவலகத்துக்குக் காலி மனை.

இன்னொன்று ஓ.எஸ்.ஆர்., அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு. பெரிய மனைப் பிரிவு போடுகிறவர் நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் கொடுக்கவேண்டும். சென்னையின் புறநகரில் தெருமுனைப் பூங்காக்கள் பல இப்படி வந்தவைதான். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். பணம் கட்டப்படுகிறது. அந்தப் பணத்தில் எந்தத் தெருவில் எத்தனை சென்ட் பூங்கா வந்தது என்று உங்கள் வார்டில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள்.

மழைக்_கணக்கு:
மெட்ரோ எடுத்த பூங்கா திரும்பி வராது என்று எல்லாரும் சொன்னாலும் ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை நான் உதாரணம் காட்டுவேன். 2011-ல் மூடினார்கள், பத்தாண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்து, அடியில் நிலையம் கட்டி, மேலே பூங்காவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய மரங்கள் போனது போனதுதான். காங்கிரீட் கூரைக்கு மேலே போட்ட மண்ணில் ஆலமரமா வளரும்? புல்லும் குரோட்டன்ஸும்தான். ஆனாலும் அந்தப் பகுதிக்காரர்கள் விடாமல் கேட்டதால் இடம் இடமாகவாவது திரும்பியது.

கோட்டூர்_குயில்:
அண்ணா நகர் டவர் பார்க்கையும் சேருங்கள். 1968 உலகச் சந்தைக்குக் கட்டிய கோபுரம். சந்தை முடிந்ததும் மொத்தத்தையும் மனை போட்டு விற்றிருக்கலாம். கோபுரத்தைச் சுற்றி ஏக்கர் கணக்கில் பூங்காவாக நின்றுவிட்டது. நடுவில் பல வருடம் மேலே ஏறவிடாமல் பூட்டி வைத்து, 2023-ல்தான் திறந்தார்கள்.

ஃபேர்வே_72:
சரி, ஒரு யோசனை சொல்கிறேன், யாரும் சிரிக்கக்கூடாது. கோல்ஃபுக்குத் தாய்வீடு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே உலகப் புகழ் பெற்ற பழைய மைதானம் எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை. ஊரின் பொது நிலம், 1974 முதல் ஒரு அறக்கட்டளை நிர்வகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் குழந்தை குட்டியோடு, நாயோடு, அந்தப் புல்லில் நடக்கிறார்கள். நியூயார்க்கில் வான் கார்ட்லாண்ட் பூங்காவுக்குள் 1895-லேயே நகரசபை பொது கோல்ஃப் மைதானம் போட்டது. காசு கட்டி யாரும் ஆடலாம், உறுப்பினர் சிபாரிசு வேண்டாம். நம்மூரில் மைதானம் ஒன்று கிளப்புக்காரர்களுடையது, இல்லை இடித்துவிட வேண்டியது என்று இரண்டே வழிதான் நமக்குத் தோன்றுகிறது. 118 ஏக்கரில் ஒரு மூலையில் ஒன்பது குழி, வாரத்தில் இரண்டு நாள் நடக்க வருகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ராயபுரத்தான்:
வியாசர்பாடியில் ஒன்பது குழி போடுங்கள், முதல் ஆளாக நான் மட்டை தூக்குகிறேன்.

சைதை_அக்கா:
ஃபேர்வே தம்பி, யோசனை கெட்டதில்லை. அங்கே சொல்லிக்கொடுக்கவும் புல் பார்க்கவும் ஆள் எடுக்கும்போது, இத்தனை வருடம் பை தூக்கினவர்களை முதலில் கூப்பிட வேண்டும் என்று அந்த யோசனையோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த மண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஆலோசகருக்கும் தெரியாது.

ஆனால் கோல்ஃபா நடைபாதையா என்பதற்கு முன்னால் ஒன்று. இந்த இழை முழுக்கப் படித்தேன், ஏக்கர் வந்தது, கோடி வந்தது, குளம் வந்தது, கழிப்பறை வரவில்லை. பொம்பளைகள் பூங்காவுக்கு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏன் உட்காருவதில்லை என்று யாராவது யோசித்தீர்களா? எங்கள் பகுதிப் பூங்காவில் கழிப்பறை இருக்கிறது, சாவி வாட்ச்மேன் வீட்டில் இருக்கிறது.

பார்க்டவுன்_பழசு:
அக்கா, நில_அளவை, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதுவீர்களா? கிண்டி 118 ஏக்கரை 1959 சட்டப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்பது முதல் கோரிக்கை. தோட்டக்கலைத் துறை பெயரில் இருப்பதால் மட்டும் அது பூங்காவாகவே இருந்துவிடும் என்று நான் நம்பத் தயாராக இல்லை. பக்கத்தில் ஆஸ்பத்திரி, அலுவலகம், மேம்பாலத் தூண் என்று ஏதாவது ஒரு நல்ல காரியம் வராமல் போகாது. மழைக்_கணக்கு குளங்களின் பரப்பைத் தனியாகக் குறிப்பிடச் சொல்வார். கட்டணம் வேண்டாம், மத்தியானப் பூட்டு வேண்டாம் என்பது ராயபுரத்தாரின் பங்கு. ஃபேர்வேயின் ஒன்பது குழியைப் பற்றி ஓட்டெடுப்பு வைக்கலாம்.

நில_அளவை:
எழுதுகிறேன். ஆனால் ஒரு திருத்தம்: 118 ஏக்கர் என்று மொத்தமாக எழுதினால் போதாது. சர்வே எண், உட்பிரிவு, எல்லைகள் எல்லாம் வேண்டும். "ரேஸ் கோர்ஸ் நிலம்" என்று பொதுவாக எழுதினால் நாளைக்கு எந்தப் பக்கத்தை நறுக்கினாலும் "அது பூங்காவில் சேராது" என்பார்கள். நான்கு எல்லையும் போட்டு எழுதுவோம். வேளச்சேரி சாலைப் பக்கமும் ஃபைவ் ஃபர்லாங் சாலைப் பக்கமும் சுவர் எங்கே முடிகிறது என்று நேரில் பார்த்துச் சொல்ல அந்தப் பகுதியில் இருப்பவர் யாராவது வேண்டும்.

சைதை_அக்கா:
நான் போய்ப் பார்க்கிறேன். அண்ணனையும் கூட்டிப் போகிறேன், அவனுக்குச் சுவர் பூரா தெரியும்.